மசாலா டீ: எதை எப்போது போடுவது?

வீட்டில் போடுகிற மசாலா டீ ஒரு நாள் தொண்டையை எரிக்கிறது, மறுநாள் கசாயம் போல இருக்கிறது, இடையில் ஒரு நாள் பால் திரிந்தே போகிறது. அதே இஞ்சி, அதே ஏலக்காய், அதே பால் என்றிருக்கும்போது ஒரே சுவை ஏன் வருவதில்லை, எதை எவ்வளவு போட வேண்டும் என்பது கேள்வி. பெரும்பாலும் இதற்கு ஓர் அளவுப் பட்டியலே பதிலாகக் கிடைக்கிறது. அளவு தேவைதான், நானும் தருகிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் அளவைக் காட்டிலும் வரிசையே காரணம் என்பது என் அனுபவம். எந்தப் பொருள் எந்த நேரத்தில் பாத்திரத்துக்குள் போகிறது, போனபின் எவ்வளவு நேரம் கொதிக்கிறது என்பதைச் சரிசெய்துவிட்டால், அளவை உங்கள் நாக்குக்கு ஏற்றபடி நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் செய்முறை. இரண்டு பேருக்கு, ஆளுக்கு 150 மில்லி வீதம் வைத்துக்கொள்வோம். தண்ணீர் 200 மில்லி, பால் 180 மில்லி, டீத்தூள் மட்டமாக இரண்டு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம், தோல் சீவிய இஞ்சி கட்டைவிரலின் மேற்கணு அளவுக்கு ஒரு துண்டு, ஏலக்காய் மூன்று, மிளகு நான்கு, கிராம்பு ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவில் பட்டை இரண்டு சில்லு, சர்க்கரை மூன்று தேக்கரண்டி. கொதியில் வற்றுவதும் தூள் உறிஞ்சிக்கொள்வதும் போக, இரண்டு கிளாஸ் சரியாக வரும். மிளகையும் கிராம்பையும் பட்டையையும் ஒன்றிரண்டாகத் தட்டிப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதித்ததும் நசுக்கிய இஞ்சியைச் சேர்த்து மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பிறகு டீத்தூள், தீயைக் குறைத்து இரண்டு நிமிடம். பிறகு காய்ச்சிய பால். தீயைக் கூட்டிப் பொங்கி வரும்போது குறைத்து, மறுபடி கூட்டி, மூன்று முறை பொங்க விட்டுச் சர்க்கரை போடுங்கள். கடைசிப் பொங்கலின்போது தட்டிய ஏலக்காயைப் போட்டு, உடனே அடுப்பை அணைத்து, ஒன்றரை நிமிடம் மூடி வைத்து வடிகட்டி, ஆற்றிக் குடியுங்கள்.

இதில் யாரும் பொருட்படுத்தாத இடம், ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான இடம், இஞ்சி எப்போது போகிறது என்பது. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் காலையில் வீட்டுக்கு உறவினர்கள் திடீரென்று வந்துவிட்டார்கள். நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று, குளிர்ந்த பாலிலேயே தட்டிய இஞ்சியைப் போட்டுச் சிறுதீயில் வைத்தேன். பால் கொதிப்பதற்கு முன்பே, ஓரத்தில் சின்னச் சின்ன முத்துகள் போலக் கட்டி, நடுவில் வெளிறிய நீர் பிரிந்துவிட்டது. பால்தான் பழையது என்று நினைத்து அதைக் கொட்டிவிட்டு இன்னொரு பாக்கெட்டை உடைத்து அதேபோலச் செய்தேன். அதுவும் அப்படியே திரிந்தது. அன்று மூன்றாவது பாக்கெட் இல்லை; வந்தவர்களுக்குக் கருப்பட்டி போட்ட வெறும் சுக்குத் தண்ணீர்தான் கொடுக்க முடிந்தது. அந்த வருத்தம் என்னைக் காரணம் தேட வைத்தது.

காரணம் இஞ்சியில் இருக்கிற ஒரு நொதி. பச்சை இஞ்சியின் சாற்றில் புரதத்தை வெட்டக்கூடிய நொதி உண்டு; அது பாலில் உள்ள கேசீன் என்ற புரதத்தைத் தாக்கி, உறைமோர் ஊற்றாமலேயே பாலை உறைய வைக்கும். தென்சீனாவில் சூடான பாலை இஞ்சிச் சாற்றின் மேல் ஊற்றி, அசையாமல் வைத்து, கரண்டியால் வெட்டி உண்ணும் ஓர் இனிப்பைச் செய்வதே இந்தக் குணத்தை வைத்துத்தான். அந்த நொதி ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் மிகவும் சுறுசுறுப்பாக இருக்கும்; 70 டிகிரியைத் தாண்டியதும் விரைவில் செயலிழந்துவிடும். குளிர்ந்த பாலில் இஞ்சியைப் போட்டு மெதுவாகச் சூடேற்றும்போது, அது தனக்கு மிகவும் பிடித்த வெப்பத்தை நின்று நிதானமாகக் கடந்து செல்கிறது. பால் திரியாமல் என்ன செய்யும்? அதே இஞ்சியைக் கொதிக்கிற தண்ணீரில் மூன்று நிமிடம் விட்டால் நொதி செத்துவிடுகிறது. பிறகு எவ்வளவு பால் ஊற்றினாலும் அதனால் ஆபத்தில்லை. கொதிக்கிற டீயின் தலையில் கடைசியாகப் பச்சை இஞ்சியைத் துருவிப் போடுகிறவர்களுக்குச் சில நாள் ஒன்றும் ஆகாது, சில நாள் திரியும். பால் எவ்வளவு புதியது, தீ எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்து அது மாறும். நம்பிச் செய்யக்கூடிய வழி தண்ணீரில் கொதிக்க வைப்பது ஒன்றே.

இந்தக் கொதியால் இன்னொரு நன்மையும் உண்டு. பச்சை இஞ்சியின் காரத்துக்கு ஜிஞ்சரால் என்ற பொருள் காரணம். சூட்டில் வேகும்போது அதில் ஒரு பகுதி, காரம் தணிந்த, இனிய மணமுள்ள ஜிஞ்சரோனாக மாறுகிறது. இஞ்சி காயும்போதோ அது ஷோகாலாக மாறி, காரம் இன்னும் ஏறுகிறது. சுக்கு இஞ்சியைவிட ஏன் அவ்வளவு சுள்ளென்று இருக்கிறது என்பதற்கு இதுவே விடை. தொண்டையை எரிக்கிற டீ என்று நீங்கள் சொன்னது, அனேகமாக இஞ்சி வேகாத டீயாக இருக்கும். அல்லது இஞ்சியின் அளவிலேயே சுக்குத்தூள் போட்ட டீயாக இருக்கும். சுக்கு போடுவதானால் இரண்டு பேருக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். இஞ்சியிலும் இளசு, முற்றல் என்ற வேறுபாடு பெரிது. தோல் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடுகிற இளம் இஞ்சியில் சாறு அதிகம், காரம் குறைவு. ஒடித்தால் நார் நாராகப் பிரிகிற முற்றிய இஞ்சியில் காரமும் மணமும் அதிகம். டீக்கு அதுவே நல்லது, அளவை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். இஞ்சியைத் துருவுவதைவிடச் சின்ன உரலில் வைத்து இரண்டு தட்டுத் தட்டுவதையே நான் விரும்புகிறேன். துருவினால் சாறு முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கிக் காரம் முந்திக்கொள்கிறது. நார் வடிகட்டியை அடைத்துக்கொள்வது தனித் தொல்லை. நசுக்கினால் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

ஏலக்காய் இதற்கு நேர் எதிரானது. அதன் மணத்துக்குக் காரணமான எண்ணெய்ப் பொருள்கள் எளிதில் ஆவியாகிவிடும். கொதியில் ஐந்து நிமிடம் கிடந்த ஏலக்காய் வீடு முழுவதையும் மணக்கச் செய்யும். கிளாஸுக்குள் மட்டும் ஒன்றும் இருக்காது. பக்கத்து அறையிலிருந்து வருகிறவர் "ஆகா, என்ன வாசம்" என்று சொன்னால், அந்த வாசம் டீயை விட்டுப் போய்விட்டது என்று பொருள். ஆகவே ஏலக்காயைக் கடைசியில் போட்டு மூடுவதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாக நிற்கும் நீரைத் திரும்பப் பாத்திரத்துக்குள்ளேயே சாய்த்துவிடுங்கள். மணத்தில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது.

ஏலக்காய் வாங்கும்போது பச்சை நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். மணம் தோலில் மிகக் குறைவு. உள்ளே இருக்கும் விதைகளில்தான் இருக்கிறது. ஒரு காயைப் பிரித்துப் பார்த்தால் விதைகள் கறுத்து, பிசுபிசுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெளிறிப் பழுப்பாக, தனித்தனியாக உதிர்ந்தால் அது முற்றாமல் பறித்தது அல்லது பழையது. இடுக்கி மலையில் விளைகிற ஏலக்காய் ஏலத்துக்கு வருகிற முக்கிய இடங்கள் இரண்டு: கேரளத்தில் புற்றடி, நம் தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர். அங்கே காயின் பருமனைக் கொண்டு தரம் பிரிப்பார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேல் பருமனுள்ள காய்க்கு விலை அதிகம். தட்டிப் போடும் டீக்கு அவ்வளவு பெரிய காய் தேவையே இல்லை. நடுத்தரக் காய், புதியதாக இருந்தால் போதும். பருமனுக்குக் கொடுக்கிற காசைப் புதுமைக்குக் கொடுங்கள்.

மிளகு, கிராம்பு, பட்டை மூன்றும் கடினமான பொருள்கள்; அவற்றின் சாரம் இறங்க நேரம் வேண்டும் என்பதால் பச்சைத் தண்ணீரிலேயே போடச் சொன்னேன். கிராம்பில் கவனம் தேவை. அதன் எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தால் மரத்துப்போவது அதனால்தான். இரண்டு கிளாஸுக்கு ஒரு கிராம்பு இருந்தால் டீக்கு ஓர் ஆழம் கிடைக்கும்; மூன்று போட்டால் நாக்கு மரத்து, டீயில் மருந்துக்கடை வாடை வந்துவிடும். கசாயம் போல இருக்கிறது என்ற புகாருக்கு, நான் பார்த்தவரையில், பாதிக் காரணம் கிராம்பு. பட்டையில் கடைகளில் நமக்கு அதிகம் கிடைப்பது, தடித்த, ஒரே சுருளாக இருக்கிற, கையால் எளிதில் ஒடியாத காசியா வகை. மெல்லிய தாள்கள் பல அடுக்காகச் சுருண்டு, விரலால் நசுக்கினாலே நொறுங்குவது இலங்கைப் பட்டை. காசியா காரமாகவும் இலங்கைப் பட்டை மென்மையாகவும் இருக்கும். காசியாவில் குமாரின் என்ற பொருள் அதிகம். அளவு மீறினால் அது கல்லீரலுக்கு ஆகாது என்பதால், ஒரு நாளைக்குப் பல முறை பட்டை போட்டுக் குடிக்கிறவர்கள் இலங்கைப் பட்டைக்கு மாறுவது நல்லது. நாம் போடுகிற இரண்டு சில்லுக்கு அஞ்ச வேண்டியதில்லை. சோம்பு, அன்னாசிப்பூ இரண்டுக்கும் மணம் தருவது ஒரே பொருள்தான், ஆகவே ஒன்று போட்டால் மற்றது வேண்டாம். வடக்கே ராஜஸ்தான், குஜராத் பக்கம் சோம்பு விரும்பிச் சேர்ப்பார்கள், எனக்கு அது டீயைவிடப் பிரியாணியையே நினைவூட்டுகிறது. ஜாதிக்காய் என்றால் துருவியில் இரண்டு இழை இழுத்தால் போதும்.

இப்போது தேயிலை. மசாலாவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, தேயிலையை ஏதோ நிறம் கொடுக்கிற பொருளாக நினைப்பது பெரிய பிழை. மசாலா டீயில் தலைமை தேயிலைக்குத்தான், மசாலா துணை. டீ மெலிந்திருந்தால் எவ்வளவு ஏலக்காய் போட்டாலும் அது மணக்கும் பாலாகத்தான் இருக்கும். இந்தக் காரியத்துக்கு வேண்டியது சி.டி.சி. முறையில் செய்த தூள்: நசுக்கி, கிழித்து, சுருட்டி, சிறு மணிகளாக உருட்டப்பட்ட தேயிலை. 1930-இல் அசாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் இந்த இயந்திர முறையை உருவாக்கினார். இலையின் செல்கள் முற்றிலும் சிதைக்கப்படுவதால் அது விரைவாகவும் கடுமையாகவும் சாறு விடும். பாலும் சர்க்கரையும் மசாலாவும் சேர்ந்த பிறகும் தன் குரல் கேட்கும்படி நிற்கும். முழு இலையாகச் சுருட்டிய ஆர்த்தடாக்ஸ் தேயிலையும், இந்தியாவில் முதலாவதாகப் புவிசார் குறியீடு பெற்ற டார்ஜிலிங் தேயிலையும் மென்மையானவை. பாலில்லாமல் தனியாக ரசிக்க வேண்டியவை. அவற்றை இஞ்சியோடு கொதிக்க வைப்பது தேயிலைக்கும் நல்லதில்லை, பணத்துக்கும் நல்லதில்லை.

சி.டி.சி. தூளிலும் இரண்டு குணம் உண்டு. அசாம் தூள் செம்மை கலந்த அழுத்தமான நிறமும், வாயை நிறைக்கும் திண்மையும் தரும். நீலகிரித் தூளில் நிறம் சற்று வெளிர், மணம் கூடுதல். நான் மூன்று பங்கு அசாம் தூளுக்கு ஒரு பங்கு நீலகிரித் தூள் கலந்து டப்பாவில் வைத்துக்கொள்கிறேன். மணிமணியான தூளை விட மிக நைசான டஸ்ட் இன்னும் வேகமாகச் சாறு விடும்; நம் டீக்கடைகளில் துணி வடிகட்டியில் டஸ்ட்டைப் போட்டு வெந்நீர் ஊற்றி டிகாக்‌ஷன் இறக்குவதற்கு அது பொருத்தம். பாத்திரத்தில் நேராகக் கொதிக்க வைக்கிற வீட்டு முறைக்கு மணித் தூள்தான் பிடிபடும்; டஸ்ட் போட்டால் அரை நிமிடம் கவனம் தவறினாலும் கடுத்துவிடும்.

புதிதாக ஒரு தூள் வாங்கினால், ஒரு வெள்ளை வடிதாளில் கொஞ்சம் பரப்பி, மேலே சில சொட்டுப் பச்சைத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நல்ல தூள் பச்சைத் தண்ணீரில் உடனே நிறம் விடாது. தாளில் பழுப்பும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை பரவினால் அதில் சாயம் சேர்த்திருக்கிறார்கள். ஒரு காந்தத்தை மேலே நகர்த்தினால் இரும்புத் துகளும் தெரிந்துவிடும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே வீட்டில் செய்துபார்க்கச் சொல்கிற எளிய சோதனைகள் இவை.

டீத்தூள் எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்பதில்தான் கசப்புக்கான விடை இருக்கிறது. இலை பதப்படும்போது உருவாகிற தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற இரண்டு வகைப் பொருள்கள் டீக்கு முறையே பளிச்சென்ற துடிப்பையும் ஆழ்ந்த நிறத்தையும் தருகின்றன. அவையும் காஃபீனும் முதல் மூன்று நான்கு நிமிடத்திலேயே பெரும்பாலும் இறங்கிவிடும். அதன்பிறகு இறங்குவதில் நாக்கைச் சுருட்டும் துவர்ப்புதான் அதிகம். பால் சேர்ந்ததும் அதிலுள்ள கேசீன் இந்தத் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது. பால் டீ கருப்பு டீயைவிட மென்மையாக இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. "ஸ்ட்ராங் டீ வேண்டும்" என்றால் தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

தூளைத் தண்ணீரில் முதலில் போடாமல், பாலும் தண்ணீரும் கலந்து கொதிக்கும்போது போடுகிற பழக்கமும் பல வீடுகளில் உண்டு. அப்படிச் செய்தால், துவர்ப்பைப் பிடிக்க வேண்டிய பால், சாறு இறங்கும்போதே குறுக்கே நிற்கிறது. தூளை இன்னும் அதிகம் போட வேண்டியிருக்கும், நிறமும் சாம்பல் பூத்ததுபோல வரும். தண்ணீரே இல்லாமல் முழுப் பாலில் போடுவதைச் சிலர் விருந்தோம்பலின் அடையாளமாகக் கருதுகிறார்கள். அவர்கள் அன்பு எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தக் கிளாஸில் தேயிலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் நம் ஊர்களில் அது பெரிய விஷயம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தால், அது தேயிலையின் சாரத்தோடு சேர்ந்து, மேலே எண்ணெய் படிந்ததுபோல ஒரு மெல்லிய ஏட்டை உண்டாக்கும். கிளாஸின் உட்புறத்தில் பழுப்பு வளையம் ஒட்டும். டீ மங்கிக் கறுக்கும். அதே தூளையும் பாலையும் வைத்து, குடிக்கிற நல்ல தண்ணீரில் ஒரு கிளாஸும் குழாய்த் தண்ணீரில் ஒரு கிளாஸும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னொன்று: மலையில் இருப்பவர்கள் நேரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இஞ்சிக்கு நான் சொன்ன மூன்று நிமிடம் அங்கே ஐந்தாகட்டும்.

பாலில் கொழுப்பு எவ்வளவு என்று உறையைப் பாருங்கள். சமன்படுத்திய பாலில் 3 விழுக்காடு, நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. மசாலாவின் மண எண்ணெய்கள் கொழுப்பில் கரைவதால், 4.5 விழுக்காட்டுப் பால் மணத்தை நன்றாகத் தாங்கும். 6 விழுக்காட்டுப் பாலை அப்படியே ஊற்றினால் நாக்கில் படலம் போலப் படிந்து மசாலாவை மறைத்துவிடும், ஆகவே அதை ஊற்றும்போது பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். பால் எப்போதும் தனியாகக் காய்ச்சியதாக, சூடாக இருக்கட்டும். குளிர்ந்த பாலை ஊற்றினால் கொதி அடங்கி, மறுபடி எழும்புவதற்குள் தூள் வீணாக ஊறிக்கொண்டிருக்கும். தனியாகக் காய்ச்சுவதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது: பால் திரியும் நிலையில் இருந்தால் அது அங்கேயே தெரிந்துவிடும், டீயும் மசாலாவும் தப்பும்.

பால் ஊற்றிய பிறகு பாத்திரத்தை விட்டு நகராதீர்கள். ஊற்றியதும் டீ வெளிறி, களிமண் கரைத்ததுபோல உயிரற்று இருக்கும். முதல் முறை பொங்கும்போது நுரை பெரிய பெரிய குமிழ்களாக, வெள்ளையாக ஏறும். தீயைக் குறைத்தால் சட்டென்று உட்காரும். இரண்டாவது முறை குமிழ் சிறுத்து, நுரையின் ஓரத்தில் செம்பழுப்புக் கோடு ஒன்று பாத்திரத்தைச் சுற்றித் தெரியும். மூன்றாவது முறை நுரை நெருக்கமாக, மெதுவாக ஏறும். கீழே டீ சுட்ட செங்கல்லை உரைத்துக் கரைத்த நிறத்தில் இருக்கும். பச்சைப் பால் வாடையும் பச்சை இஞ்சி வாடையும் போய், இரண்டும் கலந்த ஒரே மணமாக மூக்குக்கு வருவது இந்த மூன்றாவது பொங்கலில்தான். கரண்டியால் மொண்டு உயரத்திலிருந்து இரண்டு முறை ஊற்றினால் இன்னும் நன்றாகக் கூடும். இதற்கு மொத்தம் மூன்று நிமிடம் ஆகும். கடிகாரம் பார்ப்பதைவிட நுரையைப் பார்ப்பது நம்பகமானது.

சர்க்கரைக்குப் பதிலாக வெல்லமோ கருப்பட்டியோ போட விரும்பினால், அதைக் கொதிக்கிற பாலில் போடாதீர்கள். வெல்லத்துக்கு இயல்பாகவே சிறிது புளிப்புத் தன்மை உண்டு. சூடு உச்சத்தில் இருக்கும்போது அது பாலைத் திரித்துவிடும். வெல்லத்தைத் தட்டிக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி வைத்துக்கொண்டு, டீயைக் கிளாஸில் ஊற்றி ஆற்றிய பிறகு கலந்துகொள்வதே பாதுகாப்பு. கருப்பட்டியும் சுக்கும் நன்றாகச் சேரும். ஏலக்காயைவிட மிளகு அதற்குப் பொருத்தமான துணை. இனிப்பே வேண்டாதவர்கள் கிராம்பையும் மிளகையும் பாதியாக்கிவிடுங்கள், ஏனென்றால் இனிப்பு இல்லாதபோது காரமும் கசப்பும் தனித்து முன்னால் வந்து நிற்கும்.

தினமும் தட்ட நேரமில்லாதவர்கள் பொடியாக்கி வைத்துக்கொள்ளலாம்: சுக்கு 25 கிராம், ஏலக்காய் 20, மிளகு 8, பட்டை 8, கிராம்பு 4, ஜாதிக்காயில் கால் பங்கு. வாணலியைச் சூடாக்கி அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே ஏலக்காயைப் புரட்டினால் தோல் மொறுமொறுப்பாகி எளிதில் அரைபடும், வறுக்கக் கூடாது. இரண்டு பேருக்குக் கால் தேக்கரண்டி போதும். இந்தப் பொடியைப் பால் பொங்கும்போது போடுங்கள். காற்றுப் புகாத சிறு கண்ணாடிக் குப்பியில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வருகிற அளவில் அரைக்க வேண்டாம். பத்துப் பேருக்கு டீ போடும்போது எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கிவிடாதீர்கள். பெரிய பாத்திரத்தில் எல்லாமே கூடுதல் நேரம் சூட்டில் கிடப்பதால் மசாலாவும் தூளும் ஏழு பேருக்கு உரிய அளவு போட்டால் போதும்.

எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கும் ஒரு வார்த்தை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், ஒரு நாளைக்குக் காஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபியைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. டீயின் துவர்ப்புப் பொருள்கள், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. இரத்தசோகை உள்ள பெண்கள் இட்லியோடு சேர்த்தே டீ குடிக்கும் வழக்கத்தை மாற்றிக்கொள்வது அவசியம். மசாலா சேர்த்துவிட்டதால் அது மருந்தாகிவிட்டது என்று எண்ணி, பசிக்கும் நேரத்தில் எல்லாம் டீ குடிப்பதையும் நான் ஏற்கவில்லை.

கடைசியாக, உங்கள் அளவைக் கண்டுபிடிக்க ஒரு வழி. முதல் நாள் மசாலாவே இல்லாமல் வெறும் பால் டீ போடுங்கள்; தூளும் நேரமும் உங்களுக்குச் சரியாக அமையும்வரை அதையே திரும்பச் செய்யுங்கள். அடுத்த நாள் இஞ்சி மட்டும். அதற்கடுத்த நாள் இஞ்சியோடு ஏலக்காய். நான்காம் நாள் மிளகும் பட்டையும். கிராம்பைக் கடைசியில் சேருங்கள். இப்படி ஒவ்வொன்றும் தனியாக என்ன செய்கிறது என்று நாக்கு அறிந்துகொண்ட பிறகு, ஆறாம் நாள் முதல் மிடறிலேயே "கிராம்பு ஒரு நுனி கூடிவிட்டது", "இஞ்சி இன்னும் ஒரு நிமிடம் வெந்திருக்கலாம்" என்று உங்களால் சொல்ல முடியும்.